ட்ரம்பெட்டும் மருந்துக்கடையும்

'ஹைலைஃப்' என்ற பெயரை அந்த இசையை வாசித்தவர்கள் வைக்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்றவர்கள் வைத்தார்கள்.

1920களில் கானாவுக்கு கோல்ட் கோஸ்ட் என்று பெயர், பிரிட்டனின் காலனி. அக்ரா, கேப் கோஸ்ட் போன்ற கடற்கரை நகரங்களில் வழக்கறிஞர்களும் வணிகர்களும் அதிகாரிகளும் கூடுகிற நடன அரங்குகள் இருந்தன. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்று போய்க்கொண்டிருக்கும்போது, நடுவே உள்ளூர்த் தெருப்பாட்டு ஒன்றைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி மாற்றி வாசிப்பார்கள். வெளியே ஒரு கூட்டம் நின்று கேட்கும். பாட்டு அவர்களுடையது, ஆனால் உள்ளே போக முடியாது. ஜோடிக்கு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் நுழைவுக் கட்டணம். பணம் இருந்தாலும் போதாது. ஆண்கள் முழு மாலை உடையில், உயரமான கறுப்புத் தொப்பியோடு வரவேண்டும். வெளியே நின்றவர்கள் அந்த இசைக்கு ஹைலைஃப் என்று பெயர் வைத்தார்கள். நம் பேச்சில் சொன்னால், 'பெரிய இடத்துச் சங்கதி'.

இந்தக் கதையை ஆய்வாளர் ஜான் காலின்ஸிடம் சொன்னவர் யெபுவா மென்சா என்ற இசைக்கலைஞர். அவருடைய தம்பிதான் 'ஹைலைஃபின் அரசர்' என்று மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கொண்டாடப்பட்ட இமானுவேல் டெட்டே மென்சா. சுருக்கமாக இ. டி. மென்சா. எனக்கு இந்தத் தம்பியைப் பற்றித்தான் பேச வேண்டும். அவர் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசித்தார், பாடினார், குழு நடத்தினார். கூடவே அவர் ஒரு மருந்தாளுநர். முறையாகப் படித்து, தகுதி பெற்று, மாத்திரையும் கலவையும் அளந்து கொடுத்தவர்.

அரசர் என்கிற பட்டத்துக்கும் மருந்தாளுநர் என்கிற வேலைக்கும் நடுவில் இருக்கிற அந்த 'கூடவே' என்ற சொல்தான் என் பிரச்சினை.

மென்சா 1919-இல் அக்ராவில் பிறந்தார். பள்ளியில் லாம்ப்டே என்ற ஆசிரியர் சிறுவர்களுக்கு ஒரு குழல் குழு வைத்திருந்தார். அங்கே ஊத ஆரம்பித்தவர், அந்த ஆசிரியர் நடத்திய அக்ரா ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனார். பிறகு 1930களில் அண்ணனோடு சேர்ந்து அக்ரா ரிதமிக் ஆர்கெஸ்ட்ரா. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அக்ராவில் பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்கள் குவிந்தார்கள். அவர்களோடு ஸ்விங் இசையும் வந்தது. ஜாக் லெப்பர்ட் என்ற ஸ்காட்லாந்து சார்ஜெண்ட் ஒருவர் நடத்திய குழுவில் மென்சா சேர்ந்தார். சுரம் பிசகாமல் ஊதுவது, மூச்சைக் கட்டுப்படுத்துவது, நாக்கால் சுரத்தைப் பிரிப்பது எல்லாம் அங்கே கிடைத்த பாடம். மருந்தாளுநர் படிப்பும் அரசு வேலையும் அதே 1940களில்தான் நடந்தன.

போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். 1947-இல் மென்சா டெம்போஸ் என்ற குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தலைவரானார். அதுவரை நடனக் குழு என்றால் வயலின்களும் எக்காளங்களுமாக ஒரு சிறு பட்டாளம் மேடையேற வேண்டும். டெம்போஸ் அதைக் குறைத்தது. ஒரு கைப்பிடி ஆட்கள், ஜாஸின் துடிப்பு, குழுவின் டிரம்ஸ் கலைஞர் கை வாரன் லண்டனிலிருந்து கொண்டுவந்த கியூபத் தாளமும் கலிப்ஸோவும், அடியில் கானாவின் சொந்தத் தாளம். மொழியும் ஒன்றல்ல. கா, ட்வி, ஃபாண்டே, ஏவே, ஹவுஸா, ஆங்கிலம் என்று பாடினார்கள். 1952 முதல் டெக்கா நிறுவனம் அவர்களை ஒலிப்பதிவு செய்தது. 1950-இலிருந்தே நைஜீரியாவுக்குப் போய்ப் போய் வாசித்ததில், அங்கே ஸ்விங் வாசித்துக்கொண்டிருந்த குழுக்கள் ஹைலைஃபுக்கு மாறின. 1956 மே மாதம் லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ராவில் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் உள்ளூர்க் கலைஞர்கள் 'ஆல் ஃபார் யூ' என்ற ஹைலைஃபை அவர் பெயர் சேர்த்து வாசித்து வரவேற்றார்கள். அந்தப் பயணத்தில் மென்சாவும் ஆம்ஸ்ட்ராங்கும் ஒரே மேடையில் ஊதினார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 6-இல் கானா விடுதலை அடைந்தது. டெம்போஸ் அதற்கென ஒரு ஹைலைஃப் போட்டது. பெயர் 'கானா ஃப்ரீடம்'.

ஒரு நாடு பிறக்கும்போது அதன் காதில் ஒலித்த பாட்டு ஒரு மருந்தாளுநருடையது. ஆனால் இப்படிப்பட்ட வாழ்க்கையைச் சுருக்கி எழுதும்போது மருந்துக்கடை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியும் இரண்டில் ஒரு தொனியில் வரும். ஒன்று, "அட, இவர் மருந்தாளுநரும்கூட!" என்ற வேடிக்கை. இல்லையென்றால், "பாவம், பிழைப்புக்காக" என்ற இரக்கம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: உண்மையான கலைஞன் தன் வாழ்க்கை முழுவதையும் கலைக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவன் ஏதோ ஒரு இடத்தில் கலையை ஏமாற்றுகிறான்.

இந்த நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. பாரதியின் வறுமையையும் காசநோயில் 1948-இல் போய்ச் சேர்ந்த புதுமைப்பித்தனையும் சொல்லிச் சொல்லியே நமக்கு இலக்கியம் அறிமுகமாகியிருக்கிறது. இங்கே நாம் நடத்துகிற சந்திப்புகளில், கடைசி தேத்தண்ணி வரும் நேரத்தில், யாராவது ஒருவர் இதைத் தொடாமல் போகமாட்டார். ஒரு மூத்த எழுத்தாளர் என்னிடம் நேராகவே சொன்னார்: "தம்பி, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெச்சிக்கிட்டு எழுத முடியாது. எழுத்து அப்படி வராது." அவர் கோபத்தில் சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னார். அதனால்தான் அதை இவ்வளவு நாள் தூக்கிச் சுமக்கிறேன்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பி.டி.பி.டி.என். கடன் இன்னும் மாதாமாதம் போகிறது. வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். எழுத உட்காரும்போது இரவு பத்து மணி தாண்டியிருக்கும். இது புலம்பல் இல்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதே கணக்குதான். மலேசியத் தமிழ் எழுத்தை இவ்வளவு காலம் இழுத்து வந்தவர்களில் பள்ளி ஆசிரியர்களும் தோட்டத்துக் கிராணிகளும்தான் அதிகம். அப்படியிருந்தும், வேலையை விடாதவன் அரைகுறை என்ற தீர்ப்பை நாமே நம் மேல் எழுதிக்கொள்கிறோம்.

அந்தத் தீர்ப்பு நியாயமா என்று பார்க்க மென்சாவை மட்டும் எடுத்தால் போதாது. அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேரை நிறுத்துகிறேன். மூவரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஊர், ஒரே இசை.

முதலாமவர், சற்று முன் சொன்ன கை வாரன். முழுசாகக் குதித்தவர். 1950களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போனார். 'ஆப்ரிக்கா ஸ்பீக்ஸ், அமெரிக்கா ஆன்ஸர்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஜாஸுக்குள் ஆப்பிரிக்கத் தாளத்தை அதன் முழு உயரத்தோடு கொண்டுபோக நினைத்தார். அங்கே அவர் எதிர்பார்த்த இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பினார். 1974-இல் பெயரையே கானாபா என்று மாற்றிக்கொண்டார். ஃபோண்டம்ஃப்ரோம் என்னும் பெருமுரசுகளை வைத்துக்கொண்டு, பாடகர் குழுவோடு ஹாண்டலின் 'ஹல்லேலூயா'வை வாசித்தார். 2008-இல் மறையும் வரை யாருக்காகவும் தன் தாளத்தைச் சுருக்கிக்கொள்ளவில்லை. நம் மூத்த எழுத்தாளர் கேட்கிற ஆள் இவர்தான்.

இரண்டாமவர் கிங் புரூஸ். பிளாக் பீட்ஸ் குழுவின் தலைவர், ட்ரம்பெட் கலைஞர், அருமையான பாடல்களை உருவாக்கியவர். அவர் அரசு ஊழியர். பதவி உயர உயர, அதிகாரி மேடையில் நின்று ஊதுவது அழகா என்ற கேள்வி வந்தது. 1960களின் பிற்பகுதியில் அவர் மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. இசையை விடவில்லை. பின்னால் நின்று பல குழுக்களை நடத்தினார். எல்லாப் பெயரும் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். ஆனால் ட்ரம்பெட் கீழே வைக்கப்பட்டது.

மூன்றாமவர் மென்சா. வேலையில் இருந்தார். டெம்போஸுக்கு வரவேற்பு பெருகிய 1950களின் தொடக்கத்தில், முழுநேர இசைக்கு வந்தார். நைஜீரியா, சியரா லியோன், லைபீரியா என்று சுற்றினார். 1960களில் காற்று மாறியது. கிதார் குழுக்கள், காங்கோ இசை, பிறகு ட்விஸ்டும் ஸோலும் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. மென்சா மறுபடி மருந்தாளுநர் வேலைக்குப் போனார். இசை நிற்கவில்லை; ஆனால் அது சோறு போடுகிற வேலையாக இல்லை.

இந்த மூவரில் யார் கலைக்கு உண்மையாக இருந்தார்?

கானாபா என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். முழுமையாகக் கொடுப்பதில் ஒரு அழகு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஒரு விஷயத்துக்குப் பின்வாசல் வைத்துக்கொள்ளாமல் இறங்குகிறவனுக்குச் சில கதவுகள் திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது. ஹாண்டலைப் பெருமுரசில் வாசிக்கலாம் என்ற எண்ணம் சனிக்கிழமை இரவு மட்டும் வாசிக்கிறவனுக்கு வருமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் ஒரு வாழ்க்கையின் அழகை மற்ற எல்லோருக்கும் விதியாக மாற்றும்போது எங்கேயோ தப்பு நடக்கிறது. அது எங்கே என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உயரமான கறுப்புத் தொப்பிதான் ஞாபகம் வருகிறது. அரங்கின் வாசலில் நின்றவன் தொப்பியைக் கேட்டபோது, அவன் பணத்தைக் கேட்பதாக நினைத்திருக்கமாட்டான். ஒழுங்கைக் கேட்கிறோம், மரியாதையைக் கேட்கிறோம் என்றுதான் நினைத்திருப்பான். தொப்பி வாங்க வசதி உள்ளவனுக்கே அந்த மரியாதை கைகூடும் என்பது அவன் கண்ணில் பட்டிருக்காது. 'முழு வாழ்க்கையையும் கொடு' என்பதும் அப்படிப்பட்ட ஒரு தொப்பிதான். கேட்கும்போது அது அறம் மாதிரி இருக்கிறது. கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், யார் வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது, யாருக்குக் கடன் இல்லை, யாருடைய அம்மாவுக்கு மருந்துச் செலவு இல்லை என்ற கேள்விகள் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வசதியே இல்லாமல் குதித்தவர்களும் உண்டு. அவர்களுக்காகப் பட்டினி கிடந்தவர்களின் பெயர் முன்னுரைகளில் வருவதில்லை.

டெம்போஸ் செய்த பெரிய காரியமே அந்தத் தொப்பியைக் கழற்றியதுதான். குழுவைச் சிறிதாக்கினார்கள், அதனால் சிறிய இடத்திலும் வாசிக்க முடிந்தது. இசைத்தட்டு போட்டார்கள், அதனால் வாசலுக்கு வெளியே நின்றவர் தன் வீட்டிலோ பக்கத்து மதுக்கடையிலோ கேட்க முடிந்தது. பெரிய இடத்துச் சங்கதி பொது இடத்துக்கு வந்தது. அப்படிச் செய்த மனிதரை நாம் இன்னொரு தொப்பியை வைத்து அளப்பது வேடிக்கையாக இல்லையா?

இங்கே நிறுத்தினால் கட்டுரை எனக்கு ரொம்ப வசதியாக முடிந்துவிடும். வேலையை விடவேண்டாம், மென்சாவே விடவில்லை, எல்லோரும் போய் நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் மென்சாவின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. அவர் விட்டார். இசை பெரிதாகி, வாரக் கடைசி போதாது என்று ஆனபோது, கையில் இருந்த நல்ல தொழிலை வைத்துவிட்டு வந்தார். 1950களில் கோல்ட் கோஸ்டில் படித்த மருந்தாளுநர் என்றால் சாதாரண மதிப்பா? குழுத் தலைவர் என்பதால், தன் ஒருவர் வயிறு மட்டுமல்ல, குழுவில் இருந்தவர்களின் வயிறும் அந்த முடிவில் இருந்தது. அந்த நேரத்தில் அவர், "நமக்குத்தான் வேலை இருக்கே" என்று இருந்திருந்தால், நைஜீரியாவின் ஹைலைஃப் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வேலை ஒரு நல்ல சாக்கு என்பதை நாமும் அறிவோம். நேரமில்லை என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். எழுதாத நாவலை யாரும் மோசம் என்று விமர்சிக்க முடியாது. மூத்த எழுத்தாளர் சொன்ன ஆறு, சேறு கதையில் இந்த அளவு உண்மை இருக்கிறது: சேற்றில் இருக்கிற கால் நம்மைக் காப்பாற்றுகிறதா, ஆற்றுக்குப் போகவிடாமல் பிடிக்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நமக்கே சில சமயம் தெரியாது.

அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். வேலையை விட்டாயா என்பதல்ல. இசை உன்னிடம் வந்து ஒன்றைக் கேட்டபோது, உன்னால் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தாயா? இந்தக் கேள்வியின் முன்னால் மூவரும் வேறு மாதிரித் தெரிகிறார்கள். கானாபாவிடம் இசை எல்லாவற்றையும் கேட்டது, கொடுத்தார். கிங் புரூஸிடம் மேடையைக் கேட்டது. அதைப் பதவி எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்ததில் அவர் குழுக்களை வளர்த்தார். மென்சாவிடம் ஒரு காலத்தில் சனிக்கிழமைகளைக் கேட்டது, பிறகு ஏழு நாட்களையும் கேட்டது, பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டது. அவர் ஒவ்வொரு முறையும் அதற்கு ஏற்ப நகர்ந்தார்.

'மறுபடி மருந்தாளுநர் வேலைக்குப் போனார்' என்று மேலே எழுதினேன். அந்த வாக்கியத்தைத் தோல்வியாகப் படித்திருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். பிறகு கானாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1981-இன் கடைசி நாளில் இராணுவப் புரட்சி. அதையொட்டி இரவு ஊரடங்கு, ஆண்டுக்கணக்கில். இரவு நடனத்தை நம்பியிருந்த இசைக்கு இரவே இல்லாமல் போனது. இறக்குமதியாகும் வாத்தியங்களுக்குக் கடும் வரி. கலைஞர்கள் பலர் நைஜீரியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள், சிலர் தேவாலயங்களுக்குப் போனார்கள், சிலர் வாசிப்பதையே விட்டார்கள். இசையை மட்டும் நம்பியவர்களைக் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. 'முழுசாகக் கொடு' என்று கேட்கிற சமூகம், கொடுத்தவன் விழும்போது எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துத்தானே பதில் சொல்ல வேண்டும்?

அந்த வறண்ட காலத்தில், 1983-இல், மென்சா நைஜீரியாவின் விக்டர் ஒலாய்யாவோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டு போட்டார். ஒரு காலத்தில் டெம்போஸைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் நாயகர் ஒலாய்யா. 1986-இல் மென்சாவின் 1950களின் பதிவுகள் லண்டனில் மறுபடி தொகுக்கப்பட்டன. காலின்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறும் அதே ஆண்டு வந்தது. மென்சா 1996-இல் காலமானார்.

அந்தப் பழைய பதிவுகளை நான் பல முறை கேட்டிருக்கிறேன். எல்லாம் 78 சுழற்சித் தட்டில் அடங்கும் மூன்று நிமிடத் துண்டுகள். வேலை பார்க்கிற என் புத்தி சும்மா இருக்காதே! எந்தப் பதிவு வேலைக்கும் போய்க்கொண்டிருந்த மென்சாவுடையது, எந்தப் பதிவு முழுநேர மென்சாவுடையது என்று காதால் பிரிக்க முயன்றேன். முடியவில்லை. ட்ரம்பெட் இரண்டிலும் அதே சுத்தத்தோடு, அவசரமில்லாமல், பாடுகிறவனுக்கு இடம் விட்டு நிற்கிறது. எண்ணிக்கையில் வித்தியாசம் இருக்கிறது. முழுநேரமாக இருந்த ஆண்டுகளில் பதிவுகள் குவிந்தன, பயணங்கள் கூடின. மருந்துக்கடைக்குத் திரும்பிய பிறகு குறைந்தன. எத்தனை பாட்டு வராமலே போனது என்று யாரும் எண்ண முடியாது. வேலை கேட்கிற விலை அதுதான். விலையே இல்லை என்று சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன். வந்த பாட்டின் தரத்தில் அந்த விலையைத் தேடுகிறவர்களையும் நம்பமாட்டேன்.

நான் இந்த வருஷம் ராஜினாமாக் கடிதம் எழுதப்போவதில்லை. அது சரியா தப்பா என்று மூத்த எழுத்தாளரிடம் வாதாடவும் போவதில்லை. இரவு பத்து மணிக்குக் கிடைக்கிற நேரம் இப்போது என் எழுத்துக்குப் போதுகிறது. எழுத்து அதற்கு மேல் கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. கேட்டது காதில் விழாத மாதிரி இருக்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும்.